பாதி ஒடிந்த புரொப்பல்லர் படகின் வேகத்தை இரட்டிப்பாக்கியது தெரியுமா?

1837, பிப்ரவரி மாதம். லண்டனின் பாடிங்டன் கால்வாயில் ஒரு குட்டி நீராவிப் படகு ஊர்ந்துகொண்டிருக்கிறது. எடை 6 டன், எஞ்சின் 6 குதிரைசக்தி. அந்தக் காலத்து வழக்கப்படி பக்கவாட்டில் துடுப்புச் சக்கரங்கள் இல்லை. தச்சர் மரத்தில் துளை போடும் திருகைப் போல, இரண்டு முழுச்சுற்று முறுக்கிய மரத்திருகு ஒன்று தண்ணீருக்கடியில் சுழல்கிறது. செய்தவர் பிரான்சிஸ் பெட்டிட் ஸ்மித் என்ற விவசாயி! திடீரென்று அந்தத் திருகு பாதியாக ஒடிந்துபோகிறது. படகு அத்தோடு நின்றிருக்கும் என்றுதானே நினைப்போம்? நிற்கவில்லை! மணிக்கு 4 மைல் வேகத்தில் போய்க்கொண்டிருந்தது, 8 மைல் வேகத்துக்குத் தாவிவிட்டது!

அதே எஞ்சின், அதே படகு, அதே கால்வாய். குறைந்தது அரைத்திருகு மரம். கூடியது ஒரு மடங்கு வேகம்.

ஒற்றை எஞ்சின் வேகப்படகை இன்னும் கொஞ்சம் விரட்ட முடியாதா என்று ஏங்கும் ஒவ்வொருவரும் அந்தக் கால்வாய்க் கரையிலிருந்துதான் புறப்படுகிறார்கள். பக்கத்தில் இன்னொரு எஞ்சினை மாட்டிக்கொள்ள வழியில்லை. இருப்பது ஒன்று. அதை வைத்துக்கொண்டு தண்ணீரின் பிடியிலிருந்து படகை எவ்வளவு தூரம் விடுவிக்க முடியும் என்பதுதான் இந்தக் கலை முழுவதும். அதில் மனிதர்கள் கண்டுபிடித்திருக்கும் சங்கதிகளைக் கேட்டால் மலைத்துப்போவீர்கள்!

தண்ணீர் எவ்வளவு கெட்டியானது தெரியுமா?

காற்றைவிடத் தண்ணீர் சுமார் 800 மடங்கு அடர்த்தியானது. பைக்கில் போகும்போது கையை நீட்டினால் காற்று தள்ளுகிறதல்லவா? அதையே தண்ணீருக்குள் நினைத்துப் பாருங்கள். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் போகும் படகிலிருந்து உள்ளங்கை அளவு தகடு ஒன்றைத் தண்ணீருக்குள் நேராக நீட்டினால், அதன்மேல் விழும் சுமை கிட்டத்தட்ட 390 கிலோ! நான்கைந்து ஆட்கள் ஒரே உள்ளங்கையின் மேல் ஏறி நின்றது போல. வேகம் இரண்டு மடங்கானால் அந்தச் சுமை நான்கு மடங்காகும்.

அந்த முரட்டுத் தண்ணீரே ஓர் உபகாரமும் செய்கிறது. சற்றே மூக்கைத் தூக்கிய தட்டையான அடிப்பாகம் ஒன்று அதன்மேல் வேகமாக மோதினால், தண்ணீரே படகைத் தூக்கிவிடுகிறது. குளத்தில் ஓட்டாஞ்சில்லை வீசித் தத்தவைத்து விளையாடியிருப்பீர்களே, அதே வித்தைதான்! குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் படகு தண்ணீரைக் கிழிப்பதை விட்டுவிட்டு, அதன்மேல் வழுக்கத் தொடங்குகிறது. நனையும் பரப்பு சட்டென்று சுருங்குகிறது. எஞ்சின் மூச்சுவிடுகிறது, படகு பறக்கிறது.

இந்த எண்ணத்தை முதலில் எழுதிக் கொடுத்தவர்களில் ஒருவர் யார் தெரியுமா? ஒரு பாதிரியார்! இங்கிலாந்தின் சசெக்ஸில் இருந்த சார்லஸ் மீட் ரேமஸ். 1872-ல், படகின் அடியில் படிக்கட்டு போல ஒரு வெட்டு வைத்தால் படகு நீர்மேல் எழும் என்று அவர் பிரிட்டிஷ் கடற்படைக்கே எழுதினார். கப்பல் பொறியாளர் வில்லியம் ஃபுரூட் மாதிரிகளை வைத்துச் சோதித்தார். அந்தக் காலத்து நீராவி எஞ்சின்களின் எடைக்கு அது நடக்காத காரியம் என்று முடிவானது. பாதிரியாரின் யோசனை எஞ்சினுக்காகப் பல பத்தாண்டுகள் காத்திருந்தது! 1912-ல் தாமஸ் சாப்வித் ஓட்டிய ‘மேப்பிள் லீஃப் 4’ அடியில் வரிசையாகப் படிகளோடு வந்து ஹார்ம்ஸ்வொர்த் படகுப் பந்தயக் கோப்பையை அள்ளிக்கொண்டு போனது. இன்றைய வேகப்படகுகளின் வயிற்றிலும் அதே படிகள் இருக்கின்றன. ஓட்டத்தில் அந்தப் படியின் பக்கவாட்டிலிருந்து காற்று உறிஞ்சப்பட்டு அடியில் பரவும். படகுக்கும் தண்ணீருக்கும் நடுவில் காற்றாலேயே ஒரு பாய்!

90 கிலோவின் விலை என்ன?

இப்போது ஒரு கணக்கு. 1924-லும் 1925-லும் அமெரிக்கத் தங்கக் கோப்பையை வென்ற ‘பேபி பூட்லெக்கர்’ என்ற ஒற்றை எஞ்சின் அழகியை வடிவமைத்தவர் ஜார்ஜ் குரோச். அவர் விட்டுச்சென்ற சூத்திரத்தை இன்றும் படகுக்காரர்கள் கைவிடவில்லை. வழுக்கி ஓடும் படகின் வேகம், எடைக்கு எத்தனை குதிரைசக்தி என்ற விகிதத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. அவ்வளவுதான் சூத்திரம். அதற்குள் ஒளிந்திருக்கும் அதிர்ச்சியைப் பாருங்கள். எஞ்சின் சக்தியை இரண்டு மடங்காக்கினால் வேகம் கூடுவது 41 சதவீதம் மட்டுமே! வேகம் இரண்டு மடங்காக வேண்டுமா, சக்தி நான்கு மடங்கு வேண்டும்.

ஆள், பெட்ரோல் எல்லாம் சேர்த்து 900 கிலோ எடையும் 250 குதிரைசக்தியும் உள்ள ஒரு படகு 120 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 25 குதிரைசக்தி கூட்டினால் சுமார் 126 கி.மீ. அதை விட்டுவிட்டு 90 கிலோ எடையைக் குறைத்தால்? 126-ஐயும் தாண்டி ஒரு நூல் அதிகம்! எஞ்சின் சக்தியைக் கூட்ட லட்சங்கள் செலவாகும். 90 கிலோவைக் குறைக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

அந்த 90 கிலோ எங்கே இருக்கிறது என்று கேட்கிறீர்களா? 100 லிட்டர் பெட்ரோல் சுமார் 74 கிலோ. வேகச் சோதனைக்கு முழு டாங்க் எதற்கு? தரைப்பலகைக்கு அடியில் தேங்கிய தண்ணீர், லிட்டருக்கு ஒரு கிலோ. பழைய படகென்றால் மிதப்புக்காக உள்ளே அடைத்த நுரைப்பஞ்சு வருஷக்கணக்கில் தண்ணீரைக் குடித்துக் கனத்துப்போயிருக்கும். வெளியே தெரியவே தெரியாது. நங்கூரம், கயிறு, இரண்டாவது பாட்டரி, யாரும் உட்காராத பின்சீட்டு என்று இறக்க இறக்க வந்துகொண்டே இருக்கும். உயிர்காப்புச் சட்டையும் தீயணைப்பானும் மட்டும் படகிலேயே இருக்கட்டும். அந்த எடை நமக்கு வேண்டிய எடை.

வெயிலும் வேகத்தைத் தின்கிறது என்று தெரியுமா? 15 டிகிரி குளிரிலிருந்து 40 டிகிரி வெயிலுக்குப் போனால் காற்றின் அடர்த்தி சுமார் 8 சதவீதம் குறைகிறது. எஞ்சின் இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் பிராணவாயு அந்த அளவு குறைவு. குரோச் சூத்திரப்படி பார்த்தால், காலையில் 120 போன படகு உச்சிவெயிலில் 115-ல் முனகும். படகில் ஒரு கோளாறும் இருக்காது!

நான்கு எஞ்சினை ஒற்றை எஞ்சின் வென்ற கதை

1932-ல் அமெரிக்காவின் கார் வுட் ‘மிஸ் அமெரிக்கா 10’ என்ற படகைக் கொண்டுவந்தார். 38 அடி நீளம். நான்கு பேக்கார்டு எஞ்சின்கள், மொத்தம் 6,400 குதிரைசக்தி! மணிக்கு 124.86 மைல், அதாவது 200 கி.மீ.யைத் தாண்டி உலக சாதனை. இதற்கு மேல் யார் போக முடியும் என்று உலகமே வாய்பிளந்தது.

ஐந்தே வருஷம். 1937-ல் பிரிட்டனின் சர் மால்கம் கேம்பெல், இத்தாலி–சுவிட்சர்லாந்து எல்லையில் உள்ள மஜ்ஜோரே ஏரிக்கு 23 அடிப் படகு ஒன்றை எடுத்துப் போனார். ‘புளூ பேர்டு கே3’. அதில் இருந்தது ஒரே ஒரு எஞ்சின், விமானப் பந்தயத்துக்காகச் செய்த ரோல்ஸ் ராய்ஸ் ஆர். வேகம் 126.32 மைல்! நான்கு எஞ்சின் அரக்கனை ஒற்றை எஞ்சின் தாண்டிவிட்டது. மறுவருஷம் அதே படகு 130.91 மைலைத் தொட்டது. அதோடு அதன் உடம்புக்கு எல்லை வந்துவிட்டது.

அடுத்து அவர் செய்ததுதான் என்னைச் சிலிர்க்கவைக்கிறது. எஞ்சினை அதே வகையாக வைத்துக்கொண்டு, படகின் உடலை மட்டும் புதிதாகச் செய்யச் சொன்னார். முன்பக்கம் இருபுறமும் இரண்டு மிதவைக் கால்கள், பின்னால் ஓர் இடம் என மொத்தம் மூன்றே புள்ளிகளில் தண்ணீரைத் தொடும் ‘கே4’. 1939 ஆகஸ்டில், உலகப் போர் வெடிக்க இரண்டு வாரம் இருக்கும்போது, இங்கிலாந்தின் கோனிஸ்டன் ஏரியில் 141.74 மைல். எஞ்சினைப் பெரிதாக்காமலே ஏறக்குறைய 11 மைல் கூடிவிட்டது!

இனி வருவதுதான் உச்சம். இந்தச் சாதனை 11 வருஷம் அசையாமல் நின்றது. 1950 ஜூன் 26. அமெரிக்காவின் சியாட்டில் நகரத்து வாஷிங்டன் ஏரி. கார் வியாபாரி ஸ்டான்லி சேயர்ஸ், போயிங்கில் வேலை பார்த்த டெட் ஜோன்ஸ், படகு கட்டும் ஆங்கர் ஜென்சன், இந்த மூன்று பேரும் சேர்ந்து உருவாக்கிய ‘ஸ்லோ-மோ-ஷன் 4’ புறப்பட்டது. உள்ளே ஒரே ஓர் அலிசன் வி-1710 எஞ்சின். போர்க்காலத்து பி-40 விமானங்களில் உறுமிய வகை. சுமார் 1,500 குதிரைசக்தி. கேம்பெலின் ரோல்ஸ் ராய்ஸ் 2,000-ஐத் தாண்டியது என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இதுவோ அதைவிடச் சின்னது. அளந்து பார்த்தார்கள். 160.32 மைல். 258 கி.மீ.! பழைய சாதனையை ஒரே எட்டில் 18 மைலுக்கு மேல் தாண்டிவிட்டது!

எப்படி? படகு ஓடும்போது அதன் பின்பக்கத்தைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தால் ரகசியம் தெரியும். அடிப்பாகம் தண்ணீரைத் தொடவே இல்லை! முன்னால் இரண்டு மிதவைக் கால்களின் நுனி மட்டும் தொடுகிறது. பின்னால் தொடுவது புரொப்பல்லரின் கீழ்ப்பாதி. மேல்பாதி காற்றில் சுழல்கிறது. ஒவ்வோர் இதழும் ஒரு சுற்றில் ஒரு தடவை தண்ணீரை அறைந்து வெளியே வருகிறது. அந்த அறைதான் படகை முன்னே தள்ளவும் செய்கிறது, பின்பக்கத்தைத் தூக்கிப் பிடிக்கவும் செய்கிறது. தண்ணீரில் இழுபடும் தண்டு இல்லை, தாங்கி இல்லை. பின்னால் சேவல் வால் போல ஒரு நீர்த்தோகை வானத்துக்கு எழும்புகிறது. கனடாவைச் சேர்ந்த ஆல்பர்ட் ஹிக்மன் 1910-களிலேயே இப்படிப் பாதி மூழ்கிய புரொப்பல்லரில் படகு ஓட்டியவர்தான். ஆனால் அதன் முழு வலிமையும் உலகத்துக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான். 1952-ல் அதே படகு 178.49 மைலுக்கு ஏறியது. இப்போதும் சியாட்டில் அருங்காட்சியகத்தில் அதைப் பார்க்கலாம்.

அந்த வழியில் வந்த இன்னொன்று ‘மிஸ் யு.எஸ். 1’. 1962-ல் அலபாமாவின் கன்டர்ஸ்வில் ஏரியில் ராய் டூபி அதை 200.419 மைல் வேகத்தில் ஓட்டினார். புரொப்பல்லர் படகுகளுக்கான நேர்ப்பாதைச் சாதனையாக அது 2000 வரை நின்றது. 38 வருஷம்!

விரல் நுனியில் இருக்கும் வேகம்

சாதனைப் படகுகள் இருக்கட்டும். பின்பலகையில் ஓர் அவுட்போர்டு எஞ்சினை மாட்டிய இருவர் படகு ஒன்று நம்மிடம் இருந்தால் என்ன செய்யலாம்? முதலில் புரொப்பல்லரைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் ‘26’ என்று பொறித்திருக்கிறதா? அதுதான் பிட்ச். வெண்ணெயில் திருகாணி இறங்குவது போல நழுவாமல் இறங்கினால், ஒரு சுற்றுக்கு 26 அங்குலம், அதாவது 66 சென்டிமீட்டர் முன்னே போகும் என்று பொருள்.

எஞ்சின் நிமிஷத்துக்கு 6,000 சுற்று. கியர் விகிதம் 1.75 என்றால் புரொப்பல்லர் சுற்றுவது 3,429 தடவை. 66 சென்டிமீட்டரால் பெருக்குங்கள். நிமிஷத்துக்கு 2,264 மீட்டர். மணிக்கு 136 கி.மீ. இது காகிதத்தில். ஓடவிட்டு ஜி.பி.எஸ். பார்த்தால் 116 காட்டுகிறது. மீதி 20 கி.மீ. எங்கே போயிற்று? தண்ணீரில் நழுவிவிட்டது! இதைத்தான் ஸ்லிப் என்கிறார்கள். இங்கே கிட்டத்தட்ட 15 சதவீதம். நன்றாக அமைத்த படகில் 10-க்குக் கீழேயும் கொண்டுவரலாம். குறைக்கும் ஒவ்வொரு சதவீதமும் 1.36 கி.மீ.; பெட்ரோல் கூட ஒரு சொட்டு அதிகம் கேட்காது!

இப்போது இதழின் பின்விளிம்பில் மெதுவாக விரலை ஓட்டுங்கள். நுனியில் நகக்கண் அளவுக்கு ஒரு வளைவு தட்டுப்படும். கவனிக்காவிட்டால் ஏதோ கல்லில் பட்டு மடங்கியது என்றே நினைப்பீர்கள். வேண்டுமென்றே சுத்தியலால் தட்டி மடித்தது அது! கப் என்று பெயர். அரை அங்குலத்திலிருந்து ஓர் அங்குலம் பிட்ச் கூட்டியது போன்ற வேலையைச் செய்வதோடு, புரொப்பல்லர் நீர்மட்டத்துக்கு ஏறி வரும்போது தண்ணீரை விடாமல் கவ்விப் பிடிப்பதும் அதுதான். கப் தேய்ந்துபோனால் எவ்வளவு அருமையான எஞ்சினும் வெறுமனே அலறும்.

அலுமினிய இதழ் அழுத்தத்தில் வளைந்து கொடுக்கும். எவர்சில்வர் வளையாது, அதனால் மெல்லிசாகவும் செய்யலாம். மூன்று இதழா, நான்கு இதழா என்ற கேள்விக்குப் பொதுவான விடை: உச்ச வேகத்துக்கு மூன்று, பிடிப்புக்கும் பின்பக்கத்தைத் தூக்குவதற்கும் நான்கு. ஆனால் படகுக்குப் படகு மாறும். மாட்டி ஓட்டிப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. பிட்சை ஓர் அங்குலம் கூட்டினால் எஞ்சின் சுற்று 150 முதல் 200 வரை இறங்கும் என்பதை மட்டும் மனதில் வையுங்கள். எஞ்சினுக்குச் சொல்லப்பட்ட உச்சச் சுற்றை எட்டாத புரொப்பல்லர், மூன்றாம் கியரில் ஏறவேண்டிய மேட்டை டாப் கியரில் ஏறச்சொல்வது போல எஞ்சினை வதைக்கும்.

தண்ணீர் குளிரக்குளிர இருக்கும்போதே கொதிக்கும் என்று தெரியுமா? புரொப்பல்லர் இதழின் முதுகில் அழுத்தம் மிகவும் இறங்கிவிட்டால், தண்ணீர் அந்த இடத்திலேயே ஆவிக்குமிழாகிவிடுகிறது! சார்லஸ் பார்சன்ஸ் 1894-ல் ‘டர்பினியா’ என்ற டர்பைன் படகை முதன்முதலில் ஓட்டியபோது 20 நாட், அதாவது மணிக்கு 20 கடல் மைல் வேகத்தைக்கூட எட்டவில்லை. அத்தனை சக்தியும் குமிழில் வீணானது. அதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று மறுவருஷமே ஒரு சோதனைத் தொட்டியை அமைத்து, விட்டுவிட்டு அடிக்கும் வெளிச்சத்தில் சுழலும் புரொப்பல்லரை நிறுத்திவைத்தது போலப் பார்த்தார். அப்புறம் மூன்று தண்டுகளில் மூன்று மூன்றாக ஒன்பது புரொப்பல்லர்கள் மாட்டி 34 நாட்டைத் தாண்டினார். அந்தக் குமிழ்கள் வெடிக்கும்போது உலோகத்தையே அரித்துவிடும். பாதி மூழ்கிச் சுழலும் புரொப்பல்லர் மட்டும் தப்பித்துக்கொள்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் அது வெளிக்காற்றைக் கூடவே இழுத்துக்கொண்டு போவதால், ஆவிக்குமிழின் இடத்தைக் காற்று நிரப்பிவிடுகிறது.

கால் அங்குலம், அரை அங்குலம்

அவுட்போர்டு எஞ்சினின் கீழே குண்டு வடிவில் இருக்கும் கியர் கேஸ் தண்ணீருக்குள் இழுபடுகிறதே, அது எவ்வளவு பெரிய முட்டுக்கட்டை என்பதை அந்த 390 கிலோ உள்ளங்கை சொல்லிவிட்டது. அதை மேலே தூக்கினால்? அதற்குத்தான் ஜாக் பிளேட். எஞ்சினுக்கும் பின்பலகைக்கும் நடுவில் பொருத்தும் ஒரு தூக்கி. எஞ்சினை மேலே ஏற்றும். படகைவிட்டுச் சில அங்குலம் பின்னுக்கும் தள்ளும். கால் அங்குலம் ஏற்று, ஓட்டு, குறித்துவை. மறுபடி கால் அங்குலம். வேகம் ஏறிக்கொண்டே வரும். ஓர் இடத்தில் புரொப்பல்லர் பிடியை விட்டு எஞ்சின் சுற்று மட்டும் எகிறும். அங்கிருந்து ஒரு படி இறக்கினால் அதுதான் உங்கள் படகின் இடம்.

இதில் ஓர் ஆபத்து காத்திருக்கிறது. எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் அந்தக் கியர் கேஸின் பக்கவாட்டுத் துளைகள் வழியாகத்தான் ஏறுகிறது. எஞ்சினைத் தூக்கத் தூக்கத் துளைகளும் மேலே வந்து காற்றை உறிஞ்சத் தொடங்கும். வேகமானி முள் ஏறுகிற சந்தோஷத்தில் தண்ணீர் அழுத்த முள் சாய்வதைப் பார்க்காமல் விட்டால், சில நிமிஷங்களில் எஞ்சின் வெந்துவிடும்! அதனால்தான் பந்தயக் கியர் கேஸ்களில் தண்ணீர்த் துளைகள் மூக்கின் அடிநுனியில் இருக்கும். அந்தக் கூர்மூக்குக்கு இன்னொரு வேலையும் உண்டு. மழுங்கலான சில கியர் கேஸ்களில் மணிக்கு 120 கி.மீ. சுமாருக்கு மேல் பக்கவாட்டில் ஆவிக்குமிழ் உண்டாகிப் பின்னால் போய்ப் புரொப்பல்லரை மூடிவிடும். ஒரே நொடியில் பிடி அறுந்து படகு வெட்டி இழுக்கும். கூரான மூக்கு அந்தக் கண்டத்தைத் தள்ளிப்போடுகிறது.

அப்புறம், படகின் வயிறு. டிரெய்லரில் நிற்கும் படகின் அடியில் மல்லாந்து படுங்கள். நேரான அலுமினியச் சட்டம் ஒன்றைப் பின்பலகை விளிம்பிலிருந்து முன்னோக்கி வைத்து, மறுபக்கத்திலிருந்து டார்ச் அடியுங்கள். சட்டத்துக்கும் படகுக்கும் நடுவில் வெளிச்சம் கசிகிறதா? மூன்று மில்லிமீட்டர் பள்ளமாக இருந்தாலும் போதும், அதுவே திருடன்! பின்விளிம்புக்குச் சற்று முன்னால் உள்வாங்கிய அந்தப் பள்ளம், ஓட்டத்தில் படகின் பின்பக்கத்தைத் தூக்கி முன்பக்கத்தை, நம் மீனவர்கள் சொல்லும் அணியத்தை, தண்ணீரில் அமுக்கிவிடும். எஞ்சினைச் சாய்த்து மூக்கைத் தூக்கும் ட்ரிம்மை எவ்வளவு கொடுத்தாலும் மூக்கு எழாது. இது எப்படி வருகிறது தெரியுமா? நிறைய சமயம் டிரெய்லரில் சும்மா நிற்கும்போதே! தாங்குகட்டை பின்பலகை வரை எட்டாமல் இருந்தால், 200 கிலோவுக்கும் மேல் எடையுள்ள எஞ்சின் மாதக்கணக்கில் பின்னால் தொங்கி, ஃபைபரை வளைத்துவிடும். பள்ளத்தை நிரப்பித் தேய்த்து நேராக்கி, பின்விளிம்பைக் கத்தி போலக் கூராக்கினால் தண்ணீர் அங்கே ஒட்டாமல் அறுந்து விலகும். இந்த ஒரு வேலைக்காக நாள்கணக்கில் முதுகு நோவப் படுத்துக் கிடப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

கண்ணாடி போல அசையாத ஏரியில்தான் படகு வேகமாகப் போகும் என்று நினைக்கிறீர்களா? இல்லை! தண்ணீர் அங்கே அடிப்பாகத்தோடு ஒட்டிக்கொள்கிறது. விரலளவு சிற்றலை இருந்தால்தான் அடியில் காற்று நுழைந்து படகை விடுவிக்கும். நீரில் இறங்கும் விமானங்களை ஓட்டுபவர்கள், அசையாத நீரிலிருந்து எழும்ப முடியாதபோது வட்டமடித்துத் தாங்களே அலையை உண்டாக்கிக்கொள்வதுண்டு.

தொடாமல் ஓடுவதன் ஆபத்து

தண்ணீரை இவ்வளவு குறைவாகத் தொட்டால் பிடிமானம் எங்கிருந்து வரும்? வராது! உச்ச வேகத்தில் வி வடிவப் படகு, அடிநடுவில் உள்ள கையகலப் பட்டையின்மேல் மட்டும் நிற்கிறது. சைக்கிள் பழகும் பிள்ளை போல இடதும் வலதுமாக ஆடத் தொடங்கும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆட்டம் வலுக்கும். தேர்ந்த ஓட்டுநர் ஸ்டீயரிங்கை நூலிழை நூலிழையாகத் திருப்பி அதை அடக்குவார். ஸ்டீயரிங்கில் கொஞ்சம் தொளதொளப்பு இருந்தாலும் அது முடியாது. ஆகவே வேகத்தைத் தொடும் முன்னே ஸ்டீயரிங்கைச் சரிசெய்வதுதான் முறை.

காற்றும் சும்மா இருக்காது. மணிக்கு 160 கி.மீ. வேகத்தில் எதிர்க்காற்றின் அழுத்தம் ஒரு சதுர மீட்டருக்கு 120 கிலோ. மூக்கு ஓர் அளவுக்கு மேல் எழுந்துவிட்டால், அகன்ற அடிப்பாகம் முழுவதும் காற்றாடித் தாள் மாதிரி ஆகிவிடும். 900 கிலோப் படகு பின்னோக்கிக் கரணம் அடிக்கும். ஓட்டுநரின் உடம்பில் மாட்டிய ஒரு கயிறு எஞ்சின் சுவிட்சோடு இணைந்திருக்கும். ஆள் தூக்கி வீசப்பட்டால் கயிறு பிடுங்கி எஞ்சின் அணையும். அமெரிக்காவில் 26 அடிக்குக் குறைவான வேகப்படகுகளில் அதை மாட்டிக்கொள்வது 2021 ஏப்ரல் முதல் சட்டம். தயவுசெய்து மாட்டிக்கொள்ளுங்கள். ஐந்து வினாடி வேலை.

அதே காற்றை நண்பனாக்கிய படகுகள் எவை தெரியுமா? எஃப்1 பந்தயப் படகுகள்! இரண்டு ஒல்லி உடல்கள், நடுவில் காற்றுச் சுரங்கம். அந்தச் சுரங்கத்தில் சிக்கிய காற்றே படகின் சுமையில் பெரும்பங்கைத் தாங்கும். பின்னால் எஞ்சின் ஒன்றே ஒன்று. வேகம் 220 கி.மீ.க்கும் மேல். 2018 நவம்பரில் நம் பக்கத்து விஜயவாடாவில், கிருஷ்ணா நதியிலேயே இவை சீறின. இரட்டை உடல் படகுகளுக்கு உலகம் முழுக்க வழங்கும் ‘கேட்டமரான்’ என்ற பெயர் நம் கட்டுமரத்திலிருந்து போனது என்பதை நினைக்கும்போது அந்தக் காட்சி இன்னும் இனிக்கிறது!

சின்ன எஞ்சின்களைக் குறைத்து மதிப்பிடுபவர்களுக்கு ஒரு செய்தி. 1958-ல் ஹியூபர்ட் என்ட்ராப், கடையில் 60 குதிரைசக்தி என்று விற்ற மெர்குரி மார்க் 75 குடும்பத்து எஞ்சினைப் பந்தயத்துக்காக மாற்றி, ஒரே அவுட்போர்டில் மணிக்கு 107 மைலைத் தாண்டினார். 1989-ல் அரிசோனாவில் பாப் வார்ட்டிங்கர் ஒற்றை அவுட்போர்டில் 176 மைலைத் தாண்டினார்!

இன்னொன்று. உங்கள் படகு எவ்வளவு போகிறது என்று ஒரு திசையில் மட்டும் ஓட்டிப் பார்த்துச் சொல்லாதீர்கள். பின்காற்றும் நீரோட்டமும் இலவசமாகச் சில கி.மீ.யைச் சேர்த்துவிடும். உலக சாதனையையும் அப்படி ஒருபக்கமாக அளப்பதில்லை. எதிரெதிர்த் திசைகளில் இரண்டு ஓட்டம், ஒரு மணி நேரத்துக்குள். இரண்டின் சராசரிதான் கணக்கு.

அப்படி அளந்த வேகங்களில் எல்லாவற்றுக்கும் மேலே நிற்பது எது தெரியுமா? அதுவும் ஒற்றை எஞ்சின்தான்! ஆஸ்திரேலியாவின் கென் வார்பி, சிட்னியில் தன் வீட்டுக் கொல்லையில் மரத்தையும் ஃபைபரையும் வைத்துத் தானே கட்டிய ‘ஸ்பிரிட் ஆஃப் ஆஸ்திரேலியா’. எஞ்சின், விமானப்படை கழித்துப் போட்ட வெஸ்டிங்ஹவுஸ் ஜே34 ஜெட். ஏலத்தில் நூறு டாலருக்கும் குறைவாக எடுத்தது! 1977 நவம்பரில் நியூ சவுத் வேல்ஸின் புளோவரிங் அணையில் மணிக்கு 464 கி.மீ. போய் உலக சாதனையைப் பிடித்தார். அதோடு திருப்திப்பட்டிருக்கலாம். படகைத் திரும்பவும் கொல்லைக்குக் கொண்டுபோனார். 1978 அக்டோபர் 8-ஆம் தேதி அதே அணை, அதே படகு, அதே வகை எஞ்சின். போகும்போது ஓர் ஓட்டம், வரும்போது ஓர் ஓட்டம். சராசரி 511 கி.மீ.! அன்றிலிருந்து இன்றுவரை எவராலும் அதைத் தாண்ட முடியவில்லை. அந்த மரப்படகு சிட்னி துறைமுகத்துக் கடல்சார் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.